ஏழாவது கேள்வி, ஐந்தாவது சொல்

முடிச்சு வேறு மாதிரி இருந்தது.

விடைத்தாள் கட்டு என்றால் குறுக்கும் நெடுக்குமாக நூல், நடுவில் இரட்டை முடிச்சு, வால் இரண்டு விரற்கடை. இதுதான் முறை. இந்தக் கட்டில் இருந்ததோ ஒற்றை முடிச்சு. வால் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க. இந்தக் கட்டை யாரு பிரிச்சது?"

கட்டுகளை மார்போடு அணைத்து வந்து மேஜை மேஜையாக இறக்கிக்கொண்டிருந்த ஸ்டோர் அக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"யாரும் பிரிக்கல மேடம். படியேறும்போது நூல் அறுந்துபோச்சு. நான்தான் எடுத்துக் கட்டினேன்."

"எத்தனை மணிக்கு அறுந்துச்சு?"

"நூல் அறுந்தா மணி பார்ப்பாங்களா மேடம்? குனிஞ்சு தாளைத்தான் பொறுக்குவாங்க."

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேடம் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்: 'பத்து இருபது. நூல்.'

அந்தத் திருத்தும் முகாமில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவர் போல நடந்துகொள்வதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் உண்டு. வீட்டிலும் அவர் அப்படித்தான். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. பிஸ்கட் டப்பாவின் மூடி மேல் தன் தலைமுடி ஒன்றைக் குறுக்கே ஒட்டி வைத்துவிட்டுத்தான் தினமும் கிளம்புவார். இன்று காலை பார்த்தபோது முடியைக் காணோம். மாலையில் விசாரணை என்று முடிவு செய்து வைத்திருந்தார்.

பட்டப்பெயர் வந்தது ஒன்பது வருடங்களுக்கு முன்னால். அப்போது அவர் தலைமைத் திருத்துநர் இல்லை. இதே நாடகப் பாடத் தாளைத் திருத்த வந்த பத்தோடு பதினொன்று. ஒரே தேர்வு மையத்திலிருந்து வந்த முப்பத்தெட்டு விடைத்தாள்களில், எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு படகோட்டியின் கதை எடுத்துக்காட்டாக எழுதப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். வரிக்கு வரி ஒரே கதை. பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தார். முப்பத்தெட்டு பேருக்கும் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது, இரண்டு வருடம் தேர்வு எழுதத் தடை. பாடம் நடத்திய ஆசிரியரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஆள் வரவில்லை. 'வராததே ஒப்புதல்' என்று மேடம் தன் கையால் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடமே தனி மேஜை, தலைக்கு மேலே தனி மின்விசிறி, அவருக்குக் கீழே ஐந்து பேர். 'படகோட்டி கேஸ்' என்றால் போதும், இன்றைக்கும் முகாமில் காபியை மறந்து அதையே பேசுவார்கள்.

இப்போது அந்த ஒற்றை முடிச்சை அவிழ்த்தார். நாற்பத்தொரு தாள்கள். பெயர் கிழித்தெடுக்கப்பட்டு, எண் மட்டும். எல்லாம் ஒரே மையம். முகாமின் வழக்கப்படி ஒரு கேள்வியை ஒருவரேதான் கட்டு முழுக்கத் திருத்த வேண்டும். ஏழாவது கேள்வி எப்போதும் ஒல்லி சாருக்கு.

ஒல்லி சார் ஒரு பென்சிலுக்குச் சட்டை போட்டது போல இருப்பார். வாய் மட்டும் ஆளைவிடப் பெரிது. பதினோரு மணி சுமாருக்கு அந்த வாய் திறந்தது.

"மேடம், இந்தத் தையற்காரர் கதை சூப்பர். எந்தப் புக்குல இருக்கு?"

"எந்தத் தையற்காரர்?"

"ஏழாவதுல எழுதியிருக்காங்களே. இதோட நாலு பேர் எழுதிட்டாங்க."

மேடத்தின் மூக்கு நுனியில் வியர்த்தது. அவருக்கு வேட்டை தொடங்கும்போது முதலில் அங்கேதான் வியர்க்கும்.

"கொடுங்க இப்படி."

ஏழாவது கேள்வி இது: ஆறு நாடகக் கலைச்சொற்களை விளக்கி, ஏதேனும் ஒரு கதையோடு பொருத்திக் காட்டுக. துன்பியல் நாயகன், நாயகக் குறை, நாடக முரண், தலைகீழ்த் திருப்பம், கண்டுணர்தல், உணர்ச்சி வடிகால். சொல்லுக்கு இரண்டு மதிப்பெண்.

முதல் தாளில் இப்படி இருந்தது.

'துன்பியல் நாயகன் கெட்டவன் அல்லன். முழுக்க நல்லவனும் அல்லன். நம்மைப் போல ஒருவன். ஒரு தையற்காரர் நாற்பது பேருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார். தன் அடையாளமாக ஒவ்வொரு சட்டைப் பையிலும் சின்னதாக ஒரு படகு தைத்தார்.

நாயகக் குறை: வெளியிலிருந்து வருவது விபத்து. உள்ளேயிருந்து வருவது குறை. ஒரு சோதனை அதிகாரி வந்தார். எல்லாச் சட்டையிலும் ஒரே படகைப் பார்த்தார். எல்லாமே ஒரே கடையில் திருடியவை என்று பறித்துக்கொண்டு போனார். விளக்கம் சொல்லத் தையற்காரரைக் கூப்பிட்டார்கள். என் தையல் பேசும், நான் எதற்குப் பேச வேண்டும் என்று அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். அந்த வீம்புதான் குறை.

நாடக முரண்: பார்ப்பவர்களுக்குத் தெரிந்த ஒன்று மேடையில் நிற்பவருக்குத் தெரியாமல் இருப்பது. தைத்தது யார் என்று தெருவுக்கே தெரியும். அதிகாரிக்கு மட்டும் தெரியாது. ஒருவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.'

இரண்டாவது தாள். அதே தையற்காரர், அதே சட்டை, அதே வீம்பு. மூன்றாவது தாள். அதே. பத்தாவது, இருபதாவது, நாற்பத்தோராவது. எல்லாவற்றிலும் அதே தையற்காரர் அதே ஊசியோடு உட்கார்ந்திருந்தார்.

மேடம் ஒல்லி சாரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாலு தாள் வரைக்கும் ஏன் சொல்லல?"

"ஏதோ பாடத்துல இருக்கும்னு நெனச்சேன் மேடம்."

"பாடத்துல இல்லாதது உங்களுக்குத் தெரியாதா? எத்தனை வருஷமா வர்றீங்க?"

"தெரியும். ஆனா நான் சந்தேகப்பட ஆரம்பிச்சா உங்களுக்கு வேலை இல்லாமப் போயிடுமேன்னுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மேடத்துக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை. காலையில் இந்த ஆள் இரண்டு தடவை ஃபோனோடு வராந்தாவுக்குப் போனாரே, யாரோடு பேசினார்? நூல் அறுந்தது, ஸ்டோர் அக்கா, வராந்தா, நாலு தாள் வரை மௌனம். நோட்டில் நான்கு வரி ஆனது.

முறைகேடு அறிக்கை என்பது ரோஸ் நிறத்தில் ஒரு பக்கப் படிவம். அதில் 'ஒத்திருக்கும் இடங்கள்' என்ற தலைப்பின் கீழே மூன்று கட்டங்கள். மூன்று இடத்தில் விடைகள் ஒத்துப்போனால் போதும், கேஸ் நிற்கும். மேடம் முதல் கட்டத்தில் நாயகன் என்று எழுதினார். இரண்டில் குறை. மூன்றில் முரண். கட்டங்கள் தீர்ந்தன. தாள்களைக் கட்டி ஒல்லி சார் பக்கம் தள்ளினார். அறிக்கை போனாலும் தாளைத் திருத்தி முடிக்க வேண்டும், அதுவும் முறை.

முகாம் தலைவரின் அறை மாடிப்படிக்குக் கீழே, மற்ற நாளில் விளையாட்டுச் சாமான் வைக்கும் இடம். மூலையில் காற்றுப் போன பந்துகள். தலைவர் படிவத்தை வாங்கிப் படித்துவிட்டு, அந்தப் பந்துகளில் ஒன்றைப் போலவே மூச்சு விட்டார்.

"நாப்பத்தொண்ணா? மொத்தமாவா?"

"மொத்தமா சார்."

"மேடம், ரெண்டு வருஷம் தடை. பிள்ளைங்க வாழ்க்கை. முழுசாப் படிச்சுப் பார்த்துட்டீங்கல்ல?"

"மூணு இடம் போதும்னு உங்க படிவமே சொல்லுது சார்."

"படிவம் சொல்லும். அது எதையும் சொல்லும்." தலைவர் படிவத்தை நீல உறையில் போட்டு ஒட்டி, சிவப்புப் பதிவேட்டில் எண் போட்டார். "நாலு மணிக்குத் தலைமை அலுவலக வண்டி வரும். உறை அதுல ஏறிட்டா அப்புறம் நீங்களும் நானும் கெஞ்சினாலும் இறங்காது. சொல்லிட்டேன்."

"ஏறட்டும் சார்."

மதியம் சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்காரர் ஃபோன் செய்தார்.

"ஏம்மா, மாத்திரை டப்பா எங்க?"

"அது இருக்கட்டும். பிஸ்கட் டப்பாவை ஏன் திறந்தீங்க?"

"நான் திறக்கல."

"மூடி மேல முடி இல்ல."

"என் தலைமேலயும்தான் இல்ல. அதுக்கும் நான்தான் காரணமா?"

"பேச்சை மாத்தாதீங்க."

"சத்தியமா நான் தொடலம்மா. நேத்து சாயந்திரம் குழாய் சரி பண்ண வந்தவருக்கு டீயோட பிஸ்கட் எடுத்துக் கொடுத்தது யாரு? நானா?"

 கொடுத்தது மேடம்தான். தட்டில் நான்கு வைத்தது நினைவுக்கு வந்தது. ஆனால் ஒப்புக்கொள்ள நாக்கு வரவில்லை. "மாத்திரை ஃப்ரிட்ஜ் மேல இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

டிஃபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் முதல் முள் குத்தியது. படகு.

தையற்காரன் அடையாளம் தைக்க ஆயிரம் இருக்கிறது. பூ, இலை, கத்தரிக்கோல். ஏன் படகு? கண்டிப்பாக யாரோ அவரைச் சீண்டுகிறார்கள். படகோட்டி கேஸ் தெரிந்தவர்கள். தெரிந்தே செய்திருக்கிறார்கள். குழாயை மூடாமல் நின்றார். தெரிந்தே செய்பவன் தன்னைக் காட்டிக்கொடுக்கும் ஒன்றை எதற்காக நாற்பத்தொரு தாளிலும் எழுத வைக்க வேண்டும்?

"மேடம், தண்ணி போகுது" என்றார் பின்னால் நின்ற ஸ்டோர் அக்கா.

இரண்டரை மணிக்கு ஒல்லி சார் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன?"

"இந்தப் பிள்ளை பாவம் பாக்காம அடிச்சிருக்கு மேடம். அந்தச் சோதனை அதிகாரி பறிச்ச சட்டையில ஒண்ணைத் தன் வீட்டுக்கே கொண்டுபோயிடறாரு. அதையே போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போறாரு. அங்க நாப்பது பேரும் வந்து நிக்கறாங்க. எல்லாரும் பையையே பாக்கறாங்க. அப்பதான் ஆளுக்கு உறைக்குது."

"எந்த இடத்துல இருக்கு இது?"

"அஞ்சாவது சொல். கண்டுணர்தல். தெரியாததுல இருந்து தெரிஞ்சதுக்குப் போற அந்த ஒரு நொடி."

"சரி. எல்லாத்துலயும் அதானே இருக்கும்."

ஒல்லி சார் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். "இல்லையே மேடம். இதுக்கு முந்தினதுல அதிகாரி கடைசி வரைக்கும் தெரியாமலே செத்துட்டாரு. பீரோவைத் திறந்து சட்டையைப் பாத்து அவர் மனைவிதான் புரிஞ்சுக்கறாங்க."

மேஜைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேடத்துக்கு மட்டும் காற்று வரவில்லை.

"கட்டை இப்படித் தள்ளுங்க."

முதல் நான்கு சொற்களைப் புரட்டித் தள்ளினார். நான்காவதும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். தலைகீழ்த் திருப்பம்: எது காப்பாற்றும் என்று நம்பினாரோ அதுவே கவிழ்த்தது, தன் வேலை என்று காட்டத் தைத்த படகே திருட்டுக்குச் சாட்சி ஆனது. அதற்குப் பிறகுதான் பாதை பிரிந்தது. கதை அங்கே நாற்பத்தொரு துண்டாக உடைந்து, ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தார்கள்.

ஒரு தாளில் வயதான அதிகாரி அறுந்த பொத்தானோடு தெருவோரத் தையல் மெஷின் முன்னால் போய் நிற்கிறார். மெஷினின் மரப்பலகையில் அதே படகு செதுக்கியிருக்கிறது. பொத்தானைத் தைத்து வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போகிறார். இன்னொன்றில் உணர்வது அதிகாரி இல்லை, தையற்காரர். 'நான் போயிருக்க வேண்டும். போய், நான்தான் தைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாற்பது பேர் குளிரில் நின்றிருக்க மாட்டார்கள்.' இன்னொருவர் அதிகாரியைப் பெண்ணாக்கியிருந்தார். மூக்குக் கண்ணாடி, கைப்பை, பைக்குள்ளே சின்ன நோட்டு. மேடம் அந்தத் தாளைச் சட்டென்று அடியில் வைத்தார்.

பழைய புத்தி அவ்வளவு சீக்கிரம் விடுமா? ஒருவேளை இதுவும் திட்டமோ? பார்த்து எழுதினால் தெரிந்துவிடும் என்று கடைசியில் மாற்றி எழுதச் சொல்லிக் கொடுத்திருப்பார்களோ? மேடம் ஏழெட்டுத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். எழுத்து, அடித்தல், பத்தி பிரித்தல் எல்லாம் பார்த்தார். முதல் நான்கு சொற்கள் வேகமாக, அடித்தல் இல்லாமல், பல தடவை கேட்டுப் பழகியதை ஒப்பிப்பது போல ஓடியிருந்தன. ஐந்தாவதற்கு வந்ததும் எல்லோரும் தடுமாறியிருந்தார்கள். அடித்து எழுதி, அம்பு போட்டு, ஓரத்தில் சேர்த்து. ஒரு தாளில் பேனா அழுந்திக் காகிதமே கிழிந்திருந்தது. காப்பியடிக்கிறவன் இப்படி அடிக்க மாட்டான். யோசிக்கிறவன்தான் அடிப்பான்.

அப்படியானால் நான்கு வரை ஒருவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஐந்தாவதைச் சொல்லவில்லை.

ஏன்?

பதில் நாற்பத்தோராவது தாளில் இருந்தது. கையெழுத்து கோழி கிளறியது போல. முதல் நான்கு சொற்களும் சரி. ஐந்தாவதில் நாலைந்து வரிதான்.

'அதிகாரிக்கு இது இன்னும் தெரியாது. சார் இதுவரைதான் சொன்னார். அப்புறம் என்ன ஆச்சு சார் என்று கேட்டோம். எனக்கும் தெரியாது, நீங்களே எழுதிப் பாருங்கள் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி அடித்துவிட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.'

மேடம் அந்த வரிகளை மூன்று தடவை படித்தார்.

எந்த வகுப்பு, எந்த ஜன்னல், அவருக்குத் தெரியாது. அந்த ஆசிரியரின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டிய நாளில் எதிர்நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துத்தான் 'வராததே ஒப்புதல்' என்று எழுதினார். புத்தகத்தில் இல்லாத கதையைச் சொல்லி ஆறு சொற்களையும் அதிலேயே கட்டிப் போட்டு நடத்துகிற ஓர் ஆள். அன்றைக்குப் படகோட்டி. வேறு ஏதோ பள்ளிக்குப் போய், வேறு கதை செய்துகொண்டு, பழைய படகைப் பையில் மட்டும் தைத்து வைத்திருக்கிறார்.

அன்றைக்கு அந்த முப்பத்தெட்டுத் தாளில் ஐந்தாவது சொல்லுக்கு என்ன எழுதியிருந்தார்கள்? மேடம் யோசித்துப் பார்த்தார். நினைவில் இல்லை என்று சொல்வதுகூடப் பொய். படித்திருந்தால்தானே நினைவில் இருக்கும்? கட்டங்கள் மூன்று. மூன்றோடு நிறுத்திவிட்டார். தாள்கள் என்றைக்கோ கூழாகியிருக்கும்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது.

"மேடம், எங்க ஓடுறீங்க? செருப்பு!" என்று ஒல்லி சார் கத்தினார். மேஜைக்கு அடியில் கழற்றி வைத்திருந்த செருப்பு அங்கேயே கிடந்தது. மேடம் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

முகாம் தலைவர் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என் உறையைத் திருப்பிக் கொடுங்க சார்."

"இன்னும் மூணு பேர் மாட்டினாங்களா?"

"யாரும் மாட்டல. அறிக்கையை வாங்கிக்கறேன்."

தலைவர் அவருடைய வெறும் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இருபது வருஷத்துல ஒருத்தரும் வாங்கினதில்ல. சரி, உட்காருங்க. என்ன விஷயம்?"

மேடம் சொன்னார். ஆளுக்கொரு முடிவு, சட்டைப் பையில் படகு, ஜன்னல், எல்லாம். சொல்லச் சொல்லத் தலைவரின் கை உறை மேலிருந்து மெல்ல விலகியது.

"நல்ல வேளை, வண்டி வரல." சிவப்புப் பதிவேட்டைத் திறந்து திருப்பினார். 'திரும்பப் பெறும் காரணம்' என்று ஒரு பத்தி, மேலிருந்து கீழ்வரை வெறுமையாக இருந்தது. "கவனப்பிழைன்னு ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. முடிஞ்சுது. பிள்ளைங்களும் பிழைச்சாங்க, நீங்களும் பிழைச்சீங்க."

மேடம் பேனாவை எடுத்தார்.

கவனப்பிழை. அரை நிமிட வேலை. நாற்பத்தொரு பேரும் தப்பிவிடுவார்கள். அடுத்த வருடமும் தனி மேஜை, மின்விசிறி. படகோட்டி கேஸைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை.

"அந்த முப்பத்தெட்டு பேருக்கு இப்ப என்ன வயசு இருக்கும் சார்?"

"எந்த முப்பத்தெட்டு? ஓ..." தலைவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "மேடம், வேண்டாம். அது வேற, இது வேற. அன்னிக்கு அந்த வாத்தியாரே வரலையே."

"ஏன் வரலன்னு இன்னிக்கு நாப்பத்தொரு பேர் எழுதியிருக்காங்க. ரெண்டாவது சொல்லுக்கு."

"அது அவர் தப்புதானே? வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"அது அவர் தப்பு. மூணோட நிறுத்தினது என் தப்பு."

"பழைய தாளே இல்ல. இப்ப எதை வெச்சு நிரூபிப்பீங்க? அந்தப் பிள்ளைங்க நெசமாவே காப்பியடிச்சிருந்தா?"

"அடிச்சிருக்கலாம். அதைத்தான் சார் எழுதப் போறேன். அடிச்சாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாதுன்னு."

"தோண்டுவாங்க மேடம். உங்க மேஜையை எடுத்துடுவாங்க."

"எடுக்கட்டும். சைக்கிள் ஸ்டாண்டுல உட்கார்ந்தாலும் திருத்தலாம்."

வெளியே ஹாரன் அடித்தது. மேடம் எழுதினார். சிறிய கையெழுத்து, நேர் வரி.

'நாற்பத்தொரு விடைத்தாள்களிலும் ஏழாவது கேள்வியின் முதல் மூன்று பகுதிகளை மட்டும் படித்துவிட்டு அறிக்கை கொடுத்தேன். ஐந்தாம் பகுதி ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கிறது. இது பார்த்து எழுதியது அல்ல, சொல்லிக் கொடுத்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் படகோட்டிக் கதை எழுதிய முப்பத்தெட்டு பேர் மீது நான் கொடுத்த அறிக்கையிலும் ஐந்தாம் பகுதியை நான் படிக்கவில்லை. அந்த முடிவையும், ஆசிரியர் வராததைப் பற்றி நான் எழுதிய வரியையும் மறுபடி விசாரிக்கக் கோருகிறேன்.'

கடைசியில் கையெழுத்து, நேரம். மூன்று ஐம்பத்தாறு.

தலைவர் அதை வரி வரியாகப் படித்தார். பிறகு நீல உறையைக் கிழித்து ரோஸ் படிவத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். அலுவலக வண்டியின் ஆள் உள்ளே வந்து மற்ற உறைகளை அள்ளிக்கொண்டு போனார். பதிவேடும் கூடவே போனது.

மாடியில் ஒல்லி சார் இரண்டு செருப்பையும் நாற்காலிக்கு முன்னால் ஒழுங்காக எடுத்து வைத்திருந்தார். மேடம் போட்டுக்கொண்டார்.

"காலையில வராந்தாவுல யாரோட பேசினீங்க?"

"என் மச்சான் மேடம். வீடு மாத்தறான், பீரோ தூக்க ஆள் வேணுமாம். என்னைக் கூப்பிடறான். என்னை!"

மேடம் நோட்டை எடுத்தார். காலையில் எழுதிய நான்கு வரியையும் குறுக்கே அடித்தார். ஐந்தாவதாக ஒன்று எழுதப்போய், வேண்டாம் என்று மூடி வைத்தார்.

"அந்தக் கடைசித் தாளுக்கு அஞ்சாவதுல எவ்வளவு போட்டீங்க?"

"முட்டை. ஒண்ணுமே தோணலன்னு அவங்களே எழுதிட்டாங்களே."

"ரெண்டுக்குத்தானே? ஒண்ணு போடுங்க."

"விளக்கம் இல்ல மேடம், எடுத்துக்காட்டும் இல்ல. எதுக்கு ஒண்ணு?"

"எடுத்துக்காட்டு இருக்கு."

ஒல்லி சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடுத்துக்காட்டு பக்கத்திலேயே செருப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. சந்தேகத்தோடு மேடத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே முட்டையை அடித்துவிட்டு ஒன்று போட்டார்.

"ஒன்றரையாப் போட்டுடவா மேடம்?"

"விளக்கம் எழுதலல்ல? ஒண்ணுதான்" என்றார் மேடம். அடுத்த கட்டை இழுத்து, இரட்டை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.